நகச்சாய எழுத்து

ஈப்போவில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் தல்ஹாவுக்குப் பழைய வீட்டுக் கணினி என்றால் பைத்தியம். எண்பதுகளில் வந்த பொட்டி ஒன்று கையில் கிடைத்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம், கட்டியவள் ஞாபகமும் வராது. அப்படிப்பட்டவன் கண்ணில் பக்கத்து ஊரான லகாட்டில் இருக்கும் கருப்பம்மாள் வீட்டுப் பொட்டி பட்டால் சும்மா விடுவானா?

கருப்பம்மாள் அந்தக் காலத்தில் தோட்டத்து மேனேஜர் பங்களாவில் வேலை பார்த்தவள். மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது அது. விற்கவே மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். தல்ஹாவின் கூட்டாளிகள் நடத்தும் பழைய கணினிக் கண்காட்சிக்கு மட்டும் இரவல் தந்தாள்.

"நாலு பேரு பார்க்கட்டும்லா தம்பி. பத்திரமா கொண்டாந்து குடுத்துரு."

ஒவ்வொரு விசையிலும் யாரோ சிவப்பு நகச்சாயத்தால் அ, ஆ, க, ங என்று கோணல்மாணலாக எழுதியிருந்தார்கள். தல்ஹா ஒரு போட்டோ எடுத்து இணையக் குழுவில் போட்டுவிட்டு, ஏதோ பிள்ளை கிறுக்கியது என்று முகம் சுளித்தான். கருப்பம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யலாமே என்று மனசு சொல்லத்தான் செய்தது. மனசு சொல்வதை யார் கேட்டார்கள்? பல்குச்சியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தான். பழசாகி மஞ்சள் பூத்த மூடிக்குச் சலூனில் முடிக்குப் போடும் பிளீச் தடவி வெயிலில் காயவைத்தான். பொட்டி புத்தம் புதுசாகிவிட்டது. கெட்டிக்காரன்தான், போங்கள்!

கண்காட்சிக்குப் பினாங்கிலிருந்து கோகிலன் வந்தான். அவனும் இதே கிறுக்குப் பிடித்தவன்தான்; குழுவில் அந்தப் போட்டோவைப் பார்த்திருந்தான்.

"தமிழ் எழுத்து போட்ட பொட்டி எங்க மச்சான்? அதுக்குத்தான் இம்புட்டு தூரம் வந்தேன்."

"இதுதான். கிளீன் பண்ணிட்டேன்."

"அடப்பாவி! இந்த மாடல் என்கிட்டயே ரெண்டு இருக்கு. எழுத்து போட்டது உலகத்துலயே ஒன்னுதான்லா!"

தல்ஹாவுக்குக் காது மடல் சூடேறியது. அது ஆறுமுன்னே, கண் மங்கிப்போன கருப்பம்மாள் தன் மகள் தினேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். நல்ல சேலை, தலை நிறையப் பூ.

"என் மவ போட்ட எழுத்து!" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் பெருமையடித்தாள். "எட்டு வயசுல. நான் பள்ளிக்கூடம் போனதே இல்ல. இந்தப் பொட்டிய வச்சுத்தான் எனக்கு எழுத்து சொல்லிக் குடுத்தா."

சொல்லிக்கொண்டே விசைகளைத் தடவினாள். எல்லாம் வழவழவென்று இருந்தன.

"எழுத்தக் காணமே தம்பி?"

தல்ஹா உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"இது வேறம்மா. உங்களோடது வீட்டுல பத்திரமா இருக்கு."

சீ! சொன்ன பிறகு அவனுக்கே தன் வாய் கூசியது.

தினேஸ்வரி பொட்டியை ஒரு பக்கமாகத் தூக்கி அடியில் பார்த்தாள். சின்ன வயதில் அவள் கொசுவத்தி வைத்துச் சுட்ட கருப்பு வட்டம் அங்கேயே இருந்தது. நிமிர்ந்து தல்ஹாவைப் பார்த்தாள். அவனுக்கு உடம்பெல்லாம் கூனிக் குறுகிவிட்டது. நாலு பேர் முன்னால் இவள் திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

"ஆமாம்மா, இது நம்மளோடது இல்ல," என்றாள் அவள். "வா, போலாம்."

"அதானே பார்த்தேன்! தம்பி நல்ல புள்ளயாச்சே," என்று கருப்பம்மாள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

அம்மாவை வாசலில் நிறுத்திவிட்டுத் தினேஸ்வரி மட்டும் திரும்பி வந்தாள்.

"நகத்துக்குப் போடுற சிவப்பு கியூடெக்ஸ் வாங்கிட்டு உங்க வீட்டுக்கு வாரேன் தம்பி. திரும்ப எழுதிக் குடுத்துடுறேன். எட்டு வயசுல எழுதுன மாதிரி வருமான்னுதான் தெரியல."