கிறிஸ்துநாயகத்தின் துவக்கு இன்னும் வந்து சேரவில்லை

1

இந்தக் கதை தானாக என்னிடம் வரவில்லை. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள், அதனால் வந்தது.

லண்டனில் சட்டன் பக்கம் இருக்கும் கிறிஸ்துநாயகம் அண்ணை மன்னார்க்காரர். நோர்வேயில் இருபது வருடம் இருந்துவிட்டு மனைவி இசபெல்லோடு லண்டனுக்குக் குடிவந்தவர். நோர்வேயில் மான் வேட்டைக்குப் பரீட்சை எழுதி, முறைப்படி அனுமதி எடுத்து, ஒரு துவக்கு, வேட்டைத் துப்பாக்கி, வாங்கியிருந்தார். வீடு மாறியபோது சோபா வந்தது, தையல் மெஷின் வந்தது, மாதா சொரூபம்கூட ஒரு கீறல் இல்லாமல் வந்தது. துவக்கு மட்டும் வரவில்லை.

அதைச் சூட்கேசில் வைத்துக்கொண்டு எல்லை தாண்ட முடியாது. தனக்குத்தானே பார்சல் போடவும் முடியாது. அங்கத்தைய கடைக்காரர் இங்கத்தைய பதிவுபெற்ற கடைக்காரருக்கு அனுப்ப வேண்டும். இங்கத்தைய பொலிஸ் ஆளைத் தீர விசாரித்து அனுமதி கொடுக்கும்வரை அது கடையிலேயே கிடக்கும். விசாரணையில் ஒரு பகுதி, அவரைத் தெரிந்தவர்களிடம் கேட்பது.

"தம்பி, பொலிஸ் உங்களுக்கு ஒரு கோல் எடுக்கும். என்னைப் பற்றி உள்ளதைச் சொன்னால் காணும்" என்றார் அண்ணை.

உள்ளதை! கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் போய்க் கேட்கிற காரியமா இது? ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன். உள்ளது என்னவென்று தெரியாததால், நோர்பரியில் என் அறையில் உட்கார்ந்து அவரைப் பற்றி ஒரு கதை எழுதிப் பார்த்தேன். ஒரு மனிதனை விளங்கிக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியாது.

2

தொடக்கம் ஒன்று: "பனி மூடிய காட்டுக்குள் கிறிஸ்துநாயகம் மூச்சை அடக்கிக்கொண்டு..."

(விட்டுவிட்டேன். நோர்வேக் காட்டை நான் எங்கே கண்டேன்? நான் கண்ட காடு விம்பிள்டன் கொமன். அங்கே நாயை உலாத்தக் கூட்டிவருகிறவர்கள்தான் திரிவார்கள்.)

தொடக்கம் இரண்டு: "மன்னாரில், அவருக்குப் பதினாறு வயதில்..."

(இதையும் விட்டுவிட்டேன். நம்மவர் கதையில் துவக்கு என்று ஒரு சொல் விழுந்தால் போதும், வாசிக்கிறவர் நேரே யுத்தத்துக்குள் போய் நின்றுவிடுவார். மனிதன் பாவம், மானுக்கு வாங்கியது. மன்னாரைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதுமில்லை.)

தொடக்கம் மூன்று, அலுமாரி. இது நின்றது.

துவக்கு வருமுன் அதை வைக்க இடம் தயாராக இருக்க வேண்டும். சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு அலுமாரி. அதன் திறப்பு, அதாவது சாவி, இருக்கும் இடம் அனுமதி உள்ளவருக்கு மட்டுமே தெரியலாம். கட்டிய மனைவிக்கும் தெரியக் கூடாது. அண்ணை சட்டத்துக்குப் பயந்த ஆள். அலுமாரி வந்த அன்றே திறப்பை ஒளித்துவிட்டார். உள்ளே ஒன்றுமே இல்லை, ஆனாலும் பூட்டித்தான் வைத்திருந்தார்.

3

கதை இப்படிப் போனது:

ஞாயிறு பூசையால் வந்ததும் கிறிஸ்துநாயகம் கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போனார். கீழே இசபெல் இறால் பொரித்துக்கொண்டிருந்தாள். அவர் திறப்பை எடுத்து (எங்கிருந்து என்று நானும் எழுத மாட்டேன், சட்டம்) அலுமாரியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை இரண்டு கையாலும் பக்குவமாக வெளியே எடுத்தார். மடியில் கிடத்தி எண்ணெய்த் துணியால் துடைத்தார். துணி கொஞ்சமும் வளையாமல் நேராக ஓடியது. திரும்ப உள்ளே சாய்த்து வைத்துப் பூட்டி, பிடியை இழுத்துப் பார்த்தார்.

வாசித்துப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. கொஞ்சம் ஓவர். அழித்துவிட்டேன். ஒருவருக்கும் காட்டவில்லை.

[அழித்தது பிறகேன் இங்கே கிடக்கிறது என்பீர்கள். பொறுங்கள்.]

4

அடுத்த வாரம் ஒரு பின்னேரம் இசபெல் அக்கா கோல் எடுத்தார்.

"தம்பி, இவர் பூசையால வந்தால் மேலை போயிடுறார். அந்த அலுமாரியைத் திறந்து..."

"துடைக்கிறாரோ?" என் வாய் முந்திவிட்டது.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

என்ன சொல்ல? நான் எழுதினேன் என்றா?

"துணி நேராப் போகுதோ, அக்கா?"

"ஓம். வளையாமல். உண்மையா ஒண்டு இருக்கிற மாதிரி."

நான் எழுதி அழித்த அதே வரி. ஆனால் அக்கா முடிக்கவில்லை.

"அவர் ஒண்டைத் துடைக்கேல்லை, தம்பி. ரெண்டு. முதலாவதைக் கதைச்சுக் கதைச்சுத் துடைப்பார். மழை, பஸ், என்ரை சமையல், எல்லாம் சொல்லுவார். ரெண்டாவதைத் துடைக்கேக்கை முகத்தை அங்காலை திருப்பிக்கொண்டிருப்பார். அது நீளமில்லை, கட்டை போலை. ரெண்டு கையும் கிட்டக் கிட்டத்தான் இருக்கும்."

"அண்ணையிட்டை எத்தினை துவக்கு இருக்கு?"

"ஒண்டுதான். நோர்வேயிலை வாங்கினது."

சத்தியமாக, இரண்டாவதை நான் எழுதவில்லை.

5

நேரில் போனேன். அண்ணை வழக்கம்போலச் சிரித்த முகம், தேத்தண்ணி, வடை. கேட்காமலே மாடிக்குக் கூட்டிப்போய் அலுமாரியைத் திறந்து காட்டினார். புதுப் பெயின்ற் மணத்தது. உள்ளே கறுப்புப் பஞ்சுமெத்தையில் துவக்குகள் சாய்ந்து நிற்க வரிசையாகப் பள்ளங்கள் வெட்டியிருந்தன. எல்லாவற்றின் பஞ்சும் நிமிர்ந்திருந்தது, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டைத் தவிர. அந்த இரண்டும், மாதக்கணக்காகப் பாரம் தாங்கியதுபோல, அமுங்கிக் கிடந்தன.

"செக்கண்ட் ஹாண்டோ, அண்ணை?"

"சீ, புத்தம் புதுசு."

என் விரல் இரண்டாவது பள்ளத்துக்கிட்டப் போனது. அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பிடி இறுகியது.

"அதைத் தொடாதேங்கோ, தம்பி. அதுக்குப் பேப்பர் இல்லை."

பிறகு கதவைச் சாத்தி, பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு, வடை ஆறுகிறது என்றார்.

(எந்த நாட்டில், எத்தனை வயதில் அது அவர் கைக்கு வந்தது, எப்போது கைவிட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை. நான் எழுதாமல் விட்ட இரண்டாவது தொடக்கத்தை, மன்னாரில் அந்தப் பதினாறு வயதை, நினைத்துக்கொண்டேன்.)

வாசலில் இசபெல் அக்கா என் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பொலிஸ் கேட்டால் நல்ல மனிசன் எண்டு சொல்லிப்போடுங்கோ. உண்மையான ஒண்டு கைக்கு வந்தால் மற்றதை விட்டிடுவார்."

"விடாட்டி?"

"அது எனக்குத் தெரியாது, தம்பி. ஆனா ஒண்டும் வராட்டி, நான் அந்த ரெண்டோடையும் ஒரு வீட்டிலை இருக்கோணும்." அக்காவின் கண் கலங்கியது. எனக்கும்தான்.

6

முடிவு எழுத வேண்டும்.

"நல்லவர் என்று சொன்னேன். துவக்கு வந்தது. அடுத்த ஞாயிறு கிறிஸ்துநாயகம் ஒன்றை மட்டும் துடைத்தார். மற்றப் பள்ளம் மெல்ல நிமிர்ந்து..."

அழகான முடிவு. அதனால்தான் நம்ப முடியவில்லை.

"நல்லவர் என்று சொன்னேன். துவக்கு வந்தது. ஆனால் அவர் முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டே அதை எடுத்து..."

ஐயோ, வேண்டாம். அந்த வீட்டைப் பற்றி ஒருமுறை எழுதினேன், நடந்தது. நான் எழுதியதால் நடந்ததா, நடந்துகொண்டிருந்ததைத்தான் எழுதினேனா, எனக்குத் தெரியாது. தெரியும்வரை அந்த மாடி அறையைப் பற்றி இன்னொரு வசனம் எழுத மாட்டேன்.

போன் அடிக்கிறது. எடுத்துவிட்டேன். பொலிஸ் அதிகாரி, ஒரு பெண், நல்ல மரியாதையான குரல். அவரை எவ்வளவு காலமாகத் தெரியும் என்கிறாள். சொல்கிறேன். குடிப்பாரா என்கிறாள். இல்லை என்கிறேன். கோபக்காரரா? இல்லை. எல்லாம் உண்மை. பிறகு, "அவருடைய துவக்கு ஒன்றுதானே?" என்று கேட்கிறாள்.

அவரை உங்களுக்கும் இப்போது தெரியும், என்னளவுக்குத் தெரியும். இசபெல் அக்கா சொன்னதையும் கேட்டீர்கள். நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, வாசித்தீர்கள் அவ்வளவுதான், பதில் உங்கள் வாயால் வந்தால் கேடு வராது என்று நினைக்கிறேன்.

அவள் காத்திருக்கிறாள். இந்தாருங்கள், போனைப் பிடியுங்கள்.