பழைய வேலைக்குத் திரும்பிய குரல்

நடிகர் மைக்செட்டின் குரல் ஒரு செவ்வாய்க்கிழமை அவரை விட்டுப் போய், அன்று சாயங்காலமே தன் பழைய நாடகக் குழுவில் வேலைக்குச் சேர்ந்துகொண்டது. செவ்வாய் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், புதனாகவும் இருக்கலாம். குழுவினர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. முன்பு அவர் நின்ற இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் விளக்கடித்தார்கள். குரல் வசனத்தைப் பேசியது. மேக்கப் கேட்காத நடிகர் கிடைப்பது லேசா என்றார் மேனேஜர்.

மைக்செட் என்பது குழுவில் வைத்த பட்டப்பெயர். மைக் இல்லாமலேயே கடைசி வரிசையில் தூங்குகிறவரை எழுப்பிவிடும் தொண்டை அவருடையது. நர்ஸ் வேலை பார்த்த அவர் மனைவி அந்தத் தொண்டையைக் கேட்டுத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தார்; கடைசி வரிசைக்கு முகம் சரியாகத் தெரியவில்லை என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். பிறகு தொலைக்காட்சித் தொடரில் அப்பா வேடம் வந்தது. "முகம் பிரமாதம் சார். குரல்தான் வீட்டுக்குள்ள அடங்காது. டப்பிங்ல வேற ஒருத்தர் பேசட்டும்," என்றார் டைரக்டர். மைக்செட் தலையாட்டினார். எப்படியும் வேறொருவர் பேசப்போகிற வசனத்தை மனப்பாடம் செய்வானேன் என்று, அந்தத் தொழிலில் சிலர் செய்வதுபோல, கேமரா முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ண ஆரம்பித்தார். தொடரில் மகளை வீட்டை விட்டு விரட்டும்போது இருபது வரை எண்ணினார். மனைவி செத்த காட்சியில் அறுபது வரை எண்ணிக் கண்ணீர் விட்டார், ஊரே அழுதது. வருஷங்கள் ஓடின. வீடு வந்தது, கார் வந்தது, குரலுக்குத்தான் வேலையே இல்லாமல் போயிற்று.

குரல் அவரை விட்டுப் போன பிறகு அவர் வாயைத் திறந்தால் டப்பிங்காரரின் குரல் வந்தது, உதடு அசைந்து சற்றுத் தாமதித்து. கடைக்காரர்களுக்கு அதுதான் பழக்கம், சந்தோஷமாகப் பேசினார்கள். மனைவி மட்டும் அதற்குப் பதில் சொல்ல மறுத்துவிட்டார். "யாரோ அந்நிய ஆம்பள கூப்பிடற மாதிரி இருக்குங்க. என் மனுஷன் குரல்ல கூப்பிடுங்க, வரேன்," என்றார். டப்பிங்காரர் நல்லவர்; கேள்விப்பட்டு நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். இருவரும் ஒரே குரலில் பேசியதால் யார் யாரைத் தேற்றுகிறார் என்று அந்த அம்மாளுக்குப் பிடிபடவில்லை.

வீட்டின் மௌனம் பொறுக்காமல், குரலைத் திரும்பக் கூட்டிவர மைக்செட் ஒரு சனிக்கிழமை மனைவியோடு நாடக அரங்குக்குப் போனார். பாதி நாடகத்தில் மேடையேறி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். குரல் மரியாதையாக நிறுத்திக்கொண்டு இடம் விட்டது. திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவர், "'இந்த வீட்டுக்கு நான் யாரு'ன்னு ஆரம்பிங்கண்ணே," என்று கிசுகிசுத்தார். மைக்செட் மூச்சை இழுத்தார், கையை உயர்த்தினார், "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்றார், டப்பிங்காரரின் குரலில். "நூறு வரைக்கும் தெரியுமாண்ணே?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கேட்க, அரங்கமே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து குரல் தொடர்ந்தது. இவ்வளவு நன்றாக அவர் ஒருநாளும் பேசியதில்லை. மைக்செட் கீழே இறங்கி வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடைசிக் காட்சியில் கதாநாயகன் வீடு திரும்பி, கதவருகே நின்று மனைவியைக் கேட்பான். "தூங்கிட்டியா?" என்றது குரல்.

"இல்லைங்க, முழிச்சிட்டுத்தான் இருக்கேன்," என்றார் மைக்செட்டின் மனைவி, இருந்த இடத்திலிருந்தே.

"சாப்பிட்டியா?" இது நாடகத்தில் இல்லாத வசனம்.

"இனிமேதான். முட்டிவலி இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?"

"முட்டி அவரோடயே இருக்கு. என்கிட்ட இல்ல."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து நாற்காலியில், அவருடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மைக்செட் உட்கார்ந்திருந்தார்.

அதிலிருந்து சனிக்கிழமைக் காட்சி கொஞ்சம் நீளமாகத்தான் முடிகிறது. நோட்டீஸிலேயே போட்டுவிட்டார்கள். மைக்செட் மனைவியை நேரத்துக்குக் காரில் அழைத்து வந்துவிடுவார். குரலும் மனைவியும் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிட வேண்டாமென்று இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்.