அம்புக்குறியின் இரு பக்கமும் ஒரே பெயர்

உலகத்தார் தத்தம் வேலைகளைச் சற்று நிறுத்திவிட்டுக் கவனித்திருக்க வேண்டிய நிகழ்ச்சி அது. ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், ஏசி சொட்டும் இடத்தில் வைத்திருந்த பிளாஸ்டிக் வாளிக்குப் பக்கத்தில் அது நடைபெற்றது. ஒரு மென்பொருளின் தமிழாக்கக் கோப்புகள் பழைய குறியாக்கத்திலிருந்து, எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றப்படவிருந்தன. மௌஸைத் தொடாமல். ஒரே கட்டளையில்.

இதை நடத்தி வைக்க இருந்தவருக்கு அலுவலகத்தில் ‘கருந்திரை’ என்று பெயர். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டித்தான் எதையும் செய்வார். மௌஸ் பிடிக்கிறவர்களை, ஒரு மாடி ஏற லிஃப்ட்டுக்குக் காத்து நிற்கும் இளந்தாரிகளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அவரிடம் உதவி கேட்டுப் போனவர்கள் உதவியோடும் தலைவலியோடும் திரும்பினார்கள். சில நாள் தலைவலியோடு மட்டும்.

மென்பொருள், மருந்துக்கடைகளுக்கானது. தமிழாக்கியவர் கருந்திரையின் சொந்த அக்கா. பாதி ஆயுளை மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் நின்று கழித்தவர். முழங்கால் மக்கர் பண்ணியதால் வீட்டில் உட்கார்ந்துவிட்டவர். “மருந்தளவை உறுதி செய்க” என்றெல்லாம் எழுதமாட்டார். “எத்தனை மாத்திரை? இன்னொரு தடவை பாருங்கள்” என்று எழுதுவார். முதலாளியம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. கோப்புகள் சரியாக வந்துவிட்டால் இனி எல்லா வேலையும் அக்காவுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அக்கா அதைக் கேட்ட அன்று முழங்காலை மறந்து வீடு முழுக்க நடந்ததாகக் கேள்வி.

அவர் தட்டச்சு செய்தது தன் பழைய கணினியில், பழைய எழுத்துருவில். புதுக் கணினியில் திறந்தால் எழுத்தெல்லாம் ஊசிப் பெட்டியைக் கவிழ்த்தது மாதிரி இருக்கும். அதனால்தான் இந்த மாற்றம்.

முந்தைய ஞாயிறன்று கோப்புகளை வாங்கப் போன கருந்திரை, அக்காவின் கணினியைப் பார்த்து முகம் சுளித்தார். ஒவ்வொன்றுக்கும் ‘புதுசு’, ‘கடைசி’, ‘இதுதான் கடைசி’, ‘சத்தியமா கடைசி’ என்று பிரதிகள்.

“என்னக்கா இது, குப்பைக் கிடங்கு மாதிரி? ஒரு கோப்புக்கு ஒரே ஒரு பிரதிதான் இருக்கணும். அதுக்குப் பேருதான் ஒழுக்கம்.”

“இருக்கட்டும்டா, உன்கிட்ட என்ன வாடகையா கேக்குது?”

கேட்காமல், ஒன்றை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் அழித்தார். ஒழுக்கமான அந்த ஒரே பிரதியை, அக்கா கணினியில் மிச்சம் வைக்காமல், பென்டிரைவுக்கு நகர்த்தி எடுத்துவந்து அலுவலகக் கணினிக்கு மாற்றினார். பிறகு, ஒழுக்கம் கருதி, பென்டிரைவையும் அழித்தார்.

செவ்வாய்க்கிழமை பார்வையாளர்கள் இருவர்: முதலாளியம்மா; பிழை தேடுவதையே பிழைப்பாகக் கொண்ட ‘பூதக்கண்ணாடி’ என்ற பெண். கருந்திரை எழுத்துகளின் வரலாற்றைத் தொட்டுக் கொஞ்ச நேரம் பேசினார். முதலாளியம்மா வாளியில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கருந்திரை கட்டளையைத் தட்டினார். இந்தக் குறியாக்கத்திலிருந்து, அந்தக் குறியாக்கத்துக்கு, இந்தக் கோப்பைப் படித்து, ஓர் அம்புக்குறி போட்டு, இந்தக் கோப்பில் எழுது. கோப்புறையில் உள்ள எல்லாவற்றுக்கும். என்டரை, மேளக்காரர் கடைசி அடி அடிப்பதுபோல் அடித்தார்.

திரை ஒன்றும் சொல்லவில்லை.

“ஒண்ணுமே வரலையே சார்?” என்றாள் பூதக்கண்ணாடி.

“கறுப்புத் திரை பேசலைன்னா எல்லாம் நல்லபடியா முடிஞ்சதுன்னு அர்த்தம். தப்பு நடந்தாத்தான் அது வாயத் திறக்கும்.”

“உங்களுக்கு நேரெதிர்” என்றபடி அவள் மௌஸால் ஒரு கோப்பைத் திறந்தாள். வெள்ளை வெளேர். அடுத்தது. வெள்ளை. அதற்கடுத்தது.

கருந்திரை தன் கட்டளையை மறுபடி படித்தார். அம்புக்குறிக்கு இடப்பக்கம் ஒரு பெயர். வலப்பக்கமும் அதே பெயர். அம்புக்குறியைக் கண்டதும் கணினி முதலில் செய்வது, வலப்பக்கக் கோப்பைத் துடைத்துக் காலியாக்கி எழுதத் தயாராக வைப்பது. அதற்கப்புறம்தான் இடப்பக்கத்தைப் படிக்கவே போகும். படிக்கப் போனபோது அங்கே எதுவும் இல்லை. அந்த ‘எதுவும் இல்லை’யை அது ஒரு குறையும் வைக்காமல் யூனிகோடுக்கு மாற்றியிருந்தது.

இன்னொரு தடவை பார்த்தார்.

“என்ன ஆச்சு?” என்றார் முதலாளியம்மா.

“அது… அக்கா குடுத்ததே காலியா இருந்திருக்கும் போல மேடம். அவங்களுக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவா…”

சொல்லிவிட்டார். முதலாளியம்மா அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரையும் போட்டார்.

“காலியாவா?” என்றது அக்காவின் குரல். “தம்பி பாத்தானா? அவன் பாத்துச் சொன்னா சரியாத்தாங்க இருக்கும். நான்தான் எதையோ மாத்தி அமுக்கியிருப்பேன். மன்னிச்சுக்கங்க. உங்க எல்லாருக்கும் சிரமம் குடுத்துட்டேன்.”

கருந்திரை வாளியைப் பார்த்தார். அதற்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

“சரி, வேற ஆள் பாத்துக்கலாம்” என்று முதலாளியம்மா எழுந்துகொண்டார்.

சாயங்காலம் கால்கள் தாமாக அக்கா வீட்டுக்குப் போயின. கதவைத் திறந்தவர் அத்தான்.

“ஒழுக்கம் வந்திருக்கு, நாற்காலி போடு” என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

அக்கா கணினி முன்னால் இருந்தார். கண் சிவந்திருந்தது. “வாடா. மத்தியானத்துலேருந்து தேடறேன். எங்கயாவது ஒரு பழசு கிடக்காதான்னு பாத்தா… எல்லாம் சுத்தமா இருக்கு.”

“அக்கா, நீ குடுத்தது காலி இல்ல. நான்தான் அழிச்சேன். கட்டளைய மாத்திப் போட்டுட்டேன்.”

அக்கா மௌஸிலிருந்து கையை எடுத்தார். “நான் போன்ல மன்னிப்புக் கேட்டேனே, அப்ப நீ எங்கடா இருந்தே?”

“அங்கதான்.”

“பக்கத்துலயா?”

“பக்கத்துலதான்.”

அத்தான் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்.

“எல்லாம் போனதுக்குக்கூட நான் அழலடா. என் கைதான் தப்புப் பண்ணிச்சுன்னு நம்பி அழுதேன் பாரு…” போனை எடுத்து அவர் முன் வைத்தார். “கூப்பிடு அவங்கள. எனக்கும் கேக்கணும்.”

கூப்பிட்டார். கட்டளை, அம்புக்குறி, கணினியின் இயல்பு என்று ஆரம்பித்தவரை, “தமிழ்ல சொல்லுடா” என்று அக்கா அதட்டினார்.

“நான்தான் மேடம் அழிச்சேன். பழிய அக்கா மேல போட்டேன்.”

“உங்க வேலையப் பத்தி நாளைக்குப் பேசுவோம்” என்றார் முதலாளியம்மா. “அக்காவுக்கு மறுபடி செய்ய இஷ்டமான்னு கேளுங்க.”

“செய்யறேங்க” என்றார் அக்கா. “ஆனா என் கை அசையாது. வாயால சொல்றேன், இவன் அடிக்கட்டும்.”

மறுநாளிலிருந்து கருந்திரை அலுவலகம் முடிந்ததும் தன் புதுக் கணினியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவர் தலையைத் தூக்காமல் அடித்தார். “எத்தனை மாத்திரை? இன்னொரு தடவை பாருங்கள்” என்ற வரி வந்தபோது, அக்கா தேவைக்கு மேல் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு நாளும் கருந்திரை எழுந்து போகும் முன், ‘சத்தியமா கடைசி’ என்று ஒரு பிரதி வைக்கச் சொன்னார், அவரும் வைத்தார்.

புதுக் கணினியில் நேராக யூனிகோடிலேயே அடித்ததால், கோப்புகளை எதற்கும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.