காகிதப்பூ கேட்கும், அடீனியம் கேட்காது

பாவாடை முப்பத்தோரு வருஷம் உப்பளம் வட்டாரத்தில் தெருக் குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்தவர். ஒருநாள் தும்மிக்கொண்டே வால்வைத் திருப்பிவிட்டார். ஒரு தெருவின் குழாய்கள் அத்தனையும் மூன்று நாளைக்குத் தும்மித் தும்மித்தான் தண்ணீர் விட்டன. சந்தேகப்பட்டு விசாரிக்கப் போனவர்கள் யாரும் இதுவரை திரும்பி வந்து இல்லையென்று சொன்னதில்லை.

பெண்டாட்டி அஞ்சலாட்சி போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. அன்றிலிருந்து அவருக்கு மாசம் ஒரு வீடு. ஒற்றைப்படை மாசம் ரெட்டியார்பாளையத்தில் பெரியவன் அன்பழகன் வீடு, இரட்டைப்படை மாசம் லாஸ்பேட்டையில் சின்னவன் அருள்முருகன் வீடு. ஒன்றாம் தேதி காலையில் ஆட்டோ வரும். ஒரு பை, இரண்டு தொட்டி. காகிதப்பூத் தொட்டி காலுக்கு நடுவில், அடீனியம் மடியில்.

காகிதப்பூ அவர் திருடியது. வெள்ளைக்காரத் தெருவில் குழாய் ஒழுக்கு பார்க்கப் போனபோது மதில் மேலிருந்து அதுவாகவே சட்டைப் பைக்குள் குதித்துவிட்டது என்பார். அடீனியம் அஞ்சலாட்சி வாங்கியது. யானைக்குட்டிக் காலை வெட்டி மண்ணில் ஊன்றிவைத்த மாதிரி அடி பெருத்து, உச்சியில் நாலே நாலு சிவப்புப் பூ.

இரண்டும் தண்ணீர் குறைவாகக் கேட்கும் செடிகள். மாசாமாசம் வீடு மாறுகிறவருக்கு ஏற்ற சொத்து.

அவரும் அப்படித்தான் என்று பெயர் வாங்கியிருந்தார். வாங்கிய கதை இது. முதல் மாசம் பெரிய மருமகள் சுமலதா, "மாமா, இன்னொரு தோசை?" என்றாள். மாவுப் பாத்திரத்தின் அடி தெரிவதைப் பார்த்துவிட்டார். "வேணாம்மா. நான் புயலப்ப தண்ணித் தொட்டி மேல மாட்டிக்கிட்டு பதினோரு நாள் சோறு தண்ணி இல்லாம இருந்தவன். நாலாம் நாளு ஒரு காக்கா வடை கொண்டாந்து குடுத்துச்சி. பாதிய அதுங்கிட்டயே குடுத்தனுப்பிட்டேன், அதுக்குப் புள்ளகுட்டி இருக்குதில்ல?"

சுமலதா சிரித்தாள். சின்ன மருமகள் மாலா மின்விசிறி வாங்கித் தரட்டுமா என்று கேட்டபோதும் அதே தொட்டி, அதே காக்கா. இரண்டு மருமகள்களும் போனில் பேசிக்கொண்டார்கள்: "மாமாவுக்கு ஒண்ணுமே தேவையில்லக்கா." இரண்டாம் வருஷத்திலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்டால்தானே வேண்டாமென்று சொல்லலாம். கேட்காதவர்களிடம் எதைச் சொல்வது?

உள்ளுக்குள் அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. இரண்டு பேரில் ஒருவன், 'இங்கயே இருந்துடுங்கப்பா' என்று சொல்லவேண்டும். சொன்னால் உடனே ஒத்துக்கொள்வது கௌரவம் இல்லை. இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாம் தடவை, 'சரி, நீ இவ்ளோ சொல்றதால' என்று தலையாட்டுவதாக ஆறு மாசத்துக்கு முன்பே தீர்மானித்து வைத்திருந்தார்.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அருள்முருகன் மாலாவைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தான். ஹாலில் எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"மாலா அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். இனிமே எங்க வீட்டுலதான் இருப்பாங்க. இருக்கறது ரெண்டு ரூமு" என்றான்.

"அதுக்கு? என் முறை முடிஞ்சிபோச்சிடா" என்றான் அன்பழகன்.

"உப்பளத்துப் பழைய வீட்டுல பின்பக்க ரூம்பு காலியாத்தான இருக்கு" என்றாள் சுமலதா, காப்பி டம்ளர்களைப் பார்த்துக்கொண்டே. "மாமா பொழங்குன எடம்தான."

அருள்முருகனுக்கு என்னவோ உறுத்தியிருக்கவேண்டும். "இல்லன்னா... யாரு வீட்டுலயாவது ஒரே எடமா இருந்துடறீங்களாப்பா? நாங்க எப்படியாவது சமாளிச்சிக்கறோம்."

வந்துவிட்டது. பாவாடை நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனாலும் திட்டம் திட்டம்தான்.

"சேச்சே, எதுக்குடா? எனக்கென்ன கொறச்சல்? பதினோரு நாள் தொட்டி மேல இருந்தவன்டா நானு. ரூம்புன்னா அரமனயாச்சே." இது முதல் மறுப்பு. சொல்லிவிட்டு அடுத்த தடவைக்காகக் காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. மாலா புடவைத் தலைப்பைச் சரி செய்தாள்.

"அப்ப சரி" என்றான் அன்பழகன்.

இரண்டாம் தடவை யாரும் கேட்கவில்லை. காப்பி குடித்து முடித்தார்கள்.

"அந்த ரூம்புல வெயிலே விழாதே மாமா, செடிங்க என்னாவறது?" என்றாள் மாலா. அந்தக் கவலை உண்மையானது. "காகிதப்பூவ நான் எடுத்துக்கறேன், வாசக் கேட்டாண்ட வெச்சா அழகா இருக்கும்."

"அந்தக் குண்டுச் செடி எனக்கு. வர்றவங்கள்லாம் அதத்தான் கேக்கறாங்க" என்றாள் சுமலதா. போனை எடுத்துப் பதிவு பண்ணத் தயாரானாள். "எப்படிப் பாத்துக்கறதுன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க மாமா."

அவருக்கு நாக்கு நுனியில் ஒரு விஷமம் வந்து உட்கார்ந்தது. மாற்றிச் சொன்னால் போதும். அடீனியத்துக்குத் தினம் ஒரு குடம் ஊற்று என்றால் பத்தே நாளில் கூழாகிவிடும். இத்தனை வருஷம் சொன்ன பொய்களில் இது ஒன்றுதான் பிரயோஜனமான பொய்யாக இருந்திருக்கும்.

அடீனியத்தைப் பார்த்தார். அஞ்சலாட்சி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்த செடி. வாழ்க்கையில் முதல் தடவையாக, உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"ரெண்டுக்கும் நல்ல வெயில் வேணும். ரெண்டுக்கும் தண்ணி கம்மிதான். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. காகிதப்பூவக் காயப் போடணும். எலை தொங்குச்சின்னா கேக்குதுன்னு அர்த்தம், அப்ப நெறய ஊத்து. கேக்கறதுக்கு முன்னாடியே ஊத்துனா எலையா தழைக்கும், பூக்காது. பூத்து முடிஞ்சதும் கெளைய வெட்டி வுடு, கோச்சிக்காது. வேர மட்டும் கலைக்காத.

"அடீனியம் கேக்காது. அதுதான் அதோட கோளாறு. வவுத்துலயே தண்ணிய வெச்சிக்கினு ஒண்ணும் வேணாங்கற மாதிரியே இருக்கும். மண்ணுல மணல் கலந்திருக்கணும். மழ காலத்துல கூரைக்கு அடியில எடுத்து வெச்சிடு, ஊத்தவே ஊத்தாத. ஆனா கட்ட வெரலால அடிய அழுத்திப் பாத்துக்கினே இருக்கணும். கல்லு மாதிரி இருந்தா சௌக்கியம். வெரலு உள்ள போச்சின்னா வெயில் காலத்துல தாகம், மழ காலத்துல அழுவலு. மேல பூ சிரிச்சிக்கினே இருக்கும், அடி போயிருக்கும். பாத்தா தெரியாது. தொட்டாத்தான் தெரியும்."

சுமலதா பதிவை நிறுத்தினாள். "மாமா மாதிரியே. தொந்தரவே இல்லாத செடி."

மறுநாள் ஆட்டோவில் அவர் மடி காலியாக இருந்தது. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்ததால் பையை எடுத்து வைத்துக்கொண்டார்.

மார்கழியில் அடைமழை. பின்பக்க ரூமில் அவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். முன்வீட்டில் குடியிருந்த அமுதவல்லி கொடுத்த கஞ்சி ஆடை படர்ந்து கிடந்தது. போன் அடித்தது. சுமலதா. மூன்று மாசத்தில் அவளாக அழைத்தது இது முதல் தடவை. எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்ட பிறகுதான் எடுத்தார்.

"மாமா, செடி ஒரு பக்கம் மெத்துன்னு இருக்கு. சாரல் அடிச்சிடுச்சி போல. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"தொட்டுப் பாத்தியாம்மா?"

"தெனமும் தொட்டுப் பாக்கறேன் மாமா. நேத்துகூட நல்லாத்தான் இருந்துச்சி."

"பதறாத. தொட்டியிலேருந்து எடுத்துடு. அழுவுன எடத்த சுத்தமான கத்தியால வெள்ளையா தெரியற வரைக்கும் சீவு. நெழல்ல ஒரு வாரம் காயட்டும். அப்பறம் காஞ்ச மணல்ல வெச்சிட்டு, தண்ணி காட்டாத. பொழச்சிக்கும்."

"ஒரு வாரமும் பக்கத்துலயே வெச்சிப் பாத்துக்கறேன் மாமா. அப்பறம், நீங்க எப்படி இருக்கீங்க?"

பாவாடை கட்டைவிரலைத் தன் கணுக்காலுக்கு மேல் வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"எனக்கென்னம்மா? நான் புயலப்ப..."

"தொட்டி, பதினோரு நாளு, காக்கா, வடை. தெரியும் மாமா!" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

விரலை எடுத்தார். குழி எழும்பவில்லை. எழும்புமா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேட்டியை இழுத்து மூடிக்கொண்டார்.