அவசரப்பட்ட கடிகாரம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிற அவருக்கு வீட்டிலும் வெளியிலும் ஒரே பெயர்தான், மூணுவரி. எந்தப் படத்தைப் பார்த்தாலும் மூன்று வரியில் அபிப்பிராயம் எழுதி இணையத்தில் தன் பக்கத்தில் போடுவார். முதல் வரியில் படம் என்ன என்பது, இரண்டாவதில் எப்படி இருக்கிறது என்பது, மூன்றாவதில் பார்க்கலாமா கூடாதா என்பது. மூன்று வரியில் சொல்ல முடியாததை முந்நூறு வரியிலும் சொல்ல முடியாது என்பது அவர் கட்சி.

பெரிய நடிகர்களின் படங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். நாலு நண்பர்கள் கைக்காசைப் போட்டு எடுத்தவை, தியேட்டரில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்காதவை, ஆவணப்படங்கள், இவைதான் அவருக்கு. "எடுத்தவங்களும் நீங்களும் மட்டும் பாக்கற படம்" என்பாள் மனைவி. ஆனால் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்க ஒரு கூட்டம் இருந்தது. சின்னப் படம் எடுக்கிறவர்கள் படத்தை முடித்ததும் முதல் காரியமாக அவருக்குத்தான் அனுப்புவார்கள்.

அவர் எழுத்து இப்படி இருக்கும்: "பிரிவதென்று முடிவான கணவனும் மனைவியும் வீட்டைக் காலி செய்கிறார்கள். முதல் பாதி முழுக்க அட்டைப்பெட்டிதான் ஒட்டுகிறார்கள். அந்த டேப் கிழிகிற சத்தத்துக்காகவே பார்க்கலாம்." இன்னொன்று: "ஒரு நகரத்தின் லிஃப்டுகளைப் பற்றிய ஆவணப்படம். ஏறுகிறது, இறங்குகிறது, படத்துக்கும் அதே கதி. ஏறும்போது பார்த்துவிட்டு எழுந்துவிடுங்கள்." பல் மருத்துவரிடம் போகப் பயப்படும் குத்துச்சண்டைக்காரியைப் பற்றிய படத்துக்கு, "குழந்தைகளோடு பார்க்கலாம், சாப்பிட்டுக்கொண்டே வேண்டாம்" என்று முடித்திருந்தார்.

மனிதருக்குக் கண் கூர்மைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. எல்லாப் படத்தையும் அவர் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்த்தார்.

முதலில் ஓர் அறுவைப் படத்துக்காக ஆரம்பித்தது அது. ஒரு மீனவர் வலையைப் பிரித்துக்கொண்டே இருந்தார், இவருக்குப் பொறுமை போய்விட்டது, போனில் வேகத்தைக் கூட்டினார். கூட்டியது கூட்டியதுதான், பிறகு குறைக்கவே இல்லை. வருகிற படங்களுக்குக் கணக்கு வழக்கில்லை, கிடைப்பதோ மத்தியானச் சாப்பாட்டு நேரம் மட்டும். கடையின் பரிசோதனை அறை இருட்டாக இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் எழுத்துப் பலகைக்கு எதிரே வாடிக்கையாளர் உட்கார்கிற உயர நாற்காலியில் தானே உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பார்ப்பார். நாள் முழுக்க அதே நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "முன்னாடி வச்சதா, இப்ப வச்சதா? அவசரப்படாம பாத்துச் சொல்லுங்க" என்று கெஞ்சுகிறவர் இவர்தான். யாராவது படக்கென்று பதில் சொன்னால் கோபம்கூட வரும்.

மனைவியின் தங்கை ஒரு படம் எடுத்திருந்தாள். டயர் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிற வேலை அவளுக்கு. ஓசி கேமராவை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் இவர்கள் வீட்டுக்கு வந்து அப்பாவைப் படம் பிடித்தாள். அப்பா, அதாவது மூணுவரியின் மாமனார், பஸ் ஓட்டுநராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. அதற்குப் பிறகு மூத்த மகள் வீட்டோடு வந்துவிட்டார்.

படத்தின் நடுவே ஒரு ஷாட். வேறு யாரும் வீட்டில் இல்லாத ஒரு நாள், அப்பா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தானே சட்டையை மாட்டிப் பட்டன் போட்டுக்கொள்கிறார். ஒன்பது நிமிடம். கேமரா அசையவில்லை, வெட்டு இல்லை, இசை இல்லை. மாதம் ஒரு முறை சின்னப் படங்களைத் திரையிடும் குழு ஒன்று இந்தப் படத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் அதை நடத்துகிறவர், "அந்தச் சட்டை ஷாட்ட மூணு நிமிஷம் ஆக்கிடுங்க, ஜனங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க" என்று சொல்லிவிட்டார்.

மச்சினிக்குத் தூக்கம் போயிற்று. அந்த ஷாட்டுக்காகத்தான் படமே. அதேசமயம் அப்பா முகம் திரையில் இருக்கும்போது ஜனம் எழுந்து போவதைப் பார்க்கிற தைரியமும் அவளுக்கு இல்லை. கடைசியில் மூணுவரிக்கு போன் செய்தாள்.

"அத்தான், நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க. வெட்டுன்னா வெட்டிடறேன், வேணாம்னா வேணாம். உங்களவிட்டா எனக்குக் கேக்க ஆளில்ல."

மூணுவரிக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தத்தில் தன்னை மதித்துக் கேட்ட ஒரே ஜீவன். மறுநாள் மத்தியானமே பரிசோதனை அறைக் கதவைச் சாத்தினார். வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, அது ஒரு பழக்கமாக மட்டும் இருந்திருந்தால் தோன்றியிருக்கும். அதற்குள் அதுதான் படம் பார்ப்பது என்று ஆகியிருந்தது. பார்த்தார், பிடித்திருந்தது. வீட்டில் பேசுவதைவிட மாமனார் படத்தில் தெளிவாகப் பேசினார். கேமராவைப் பார்த்ததும் மனிதருக்குத் தெம்பு வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சட்டை ஷாட்டும் அலுக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கழுவுவதற்குள் மூன்று வரியும் தயாராகிவிட்டது.

"பக்கவாதத்தில் வலது கையை இழந்த ஒருவர் தன் சட்டையைத் தானே போட்டுக்கொள்கிற படம். மனிதர் நிதானமாக இருக்கிறார், பின்னால் சுவர்க் கடிகாரம்தான் அவசர அவசரமாக ஓடுகிறது. அந்த ஒலியை அப்படி அமைத்த இயக்குநருக்கு ஒரு சபாஷ், ஒரு நொடிகூட வெட்ட வேண்டாம்."

இரண்டாவது வரி அவருக்கே ரொம்பப் பிடித்திருந்தது. படித்தவர்களும் ஆகா ஓகோ என்றார்கள். திரையிடல் குழுக்காரர் அந்த வரியை அப்படியே அறிவிப்பில் அச்சடித்துவிட்டார். "நாளைக்குக் காலைல படத்தக் குடுத்துடுங்க. மூணுவரியே சொல்லிட்டாரு, வெட்டறதும் விடறதும் உங்க இஷ்டம்" என்று மச்சினியிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் மச்சினி லேப்டாப்பும் கையுமாக வீட்டுக்கு வந்தாள். மூணுவரி வாசலுக்கே போய் வரவேற்றார், முகத்தில் அப்படி ஒரு பெருமை. அவள் நேராகக் கூடத்தில் அப்பாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மாமனார் உள்ளே படுத்திருந்தார். கூடத்துச் சுவரில் கடிகாரம் இருந்தது. முள் நகரும்போது டக், டக் என்று சத்தம் போடுகிற பழைய கடிகாரம் அது. புதிதாக வருகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை.

"அத்தான், இந்தக் கடிகாரம் எப்ப அவசரப்பட்டுச்சு?" என்றாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை.

"படத்துல இருக்கறது இதே கடிகாரந்தான். நான் சத்தத்துல கைவைக்கவே இல்ல."

டக். கொஞ்சம் கழித்து, டக். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்தச் சத்தம் மூணுவரியின் காதில் விழுந்தது. எவ்வளவு சாவகாசமாக ஓடுகிறது என்று பார்த்தார்.

"எத்தனைல வச்சுப் பாத்தீங்க?"

"ஒண்ணரைல" என்றார்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னடி, கடிகாரம் வேகமா ஓடுதா? பேட்டரி மாத்தி ரொம்ப நாளாச்சு, இருங்க, ஸ்டூல் கொண்டுவரேன்" என்று கிளம்பியவளை இரண்டு பேருமே தடுக்கவில்லை. அவளாகவே ஏதோ சரியில்லை என்று தெரிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அப்பா நல்லாப் பேசற மாதிரி இருந்திருக்கும் உங்களுக்கு" என்றாள் மச்சினி. அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "படத்தப் பாத்த எல்லார்கிட்டயும் நான் ஒரே கேள்விதான் கேக்கறேன். அப்பாவுக்கு உதவலாம்னு எந்த பட்டன்ல உங்க கை எந்திரிச்சுதுன்னு. உங்ககிட்டயும் கேக்கணும்னு இருந்தேன்."

மூணுவரியின் கை எந்த இடத்திலும் எழவில்லை, ஒரு கையில் சாப்பாட்டு டப்பா இருந்தது.

"குடு, இப்பவே பாக்கறேன். உக்காந்து முழுசா பாக்கறேன்."

"வேணாம் அத்தான். இப்ப பாத்தா நீங்க படத்தப் பாக்க மாட்டீங்க, உங்க தப்பத்தான் பாப்பீங்க." லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். "வெட்டிடறேன். வேணாம்னு சொன்ன ஒரே ஆளு நீங்க, நீங்களும் பாக்காமத்தான் சொல்லியிருக்கீங்க. தெரியாதவங்க எப்படி உக்காந்து பாப்பாங்க?"

மூணுவரிக்கு அவமானமாக இருந்தது. மாட்டிக்கொண்டதால் வந்த அவமானம் ஒரு பங்கு. தன்னிடம் நம்பி நீட்டியதைத் தன் அவசரத்தில் மிதித்துவிட்டோமே என்பது மீதி. தன் பக்கத்தைத் திறந்து அந்த மூன்று வரியையும் அழித்தார். அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை, அறிவிப்பில் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலை மனைவி வழக்கம்போல வெள்ளனவே பேக்கரி வேலைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு மாமனார் மூணுவரியின் பொறுப்பு. குளிக்கவைத்து, உடுத்திவிட்டு, ஸ்கூட்டரில் உட்காரவைத்து, பிசியோதெரபி பயிற்சி நிலையத்தில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போகவேண்டும். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது, ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. சட்டையை மாட்டி, காலரை இழுத்துவிட்டு, மேலிருந்து கீழே வரை பட்டனைச் சரசரவென்று போட்டுவிடுவார். மாமனாரும் தலையை நிமிர்த்திக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அன்றும் நீலச் சட்டையை மாட்டிவிட்டுக் காலருக்குக் கையைக் கொண்டுபோனார். மாமனார் தலையை நிமிர்த்தினார். அந்த நிமிர்ந்த கழுத்தைப் பார்த்ததும் மூணுவரியின் கை நின்றுவிட்டது. படத்தை மட்டுமா ஒன்றரையில் ஓட்டினோம் என்று அவருக்கு உறைத்தது.

"நீங்களே போடுங்க மாமா" என்றார்.

மாமனார் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கினார். மூணுவரி எதிரில் நின்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். ராத்திரி அங்கேயே தங்கிவிட்ட மச்சினி சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். ஷாட்டை எங்கே வெட்டுவது என்று அடையாளம் வைத்தாயிற்று. இவர் பேசியது கேட்டு நிமிர்ந்தாள்.

வலது கையின் இரண்டு விரல் துணியைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதனால் முடியும். இடது கட்டைவிரல் பட்டனைத் தள்ள வேண்டும். முதல் பட்டன் சீக்கிரமே போய்விட்டது. இரண்டாவது துளைக்குள் தலையை நீட்டிவிட்டு வெளியே வந்தது. மாமனார் கையை மடியில் போட்டு ஓய்வெடுத்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி ஆரம்பித்தார். டக், டக் என்று கடிகாரம் தன்பாட்டுக்குப் போனது. சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. மூணுவரிக்குக் கால் மாற்றி நிற்கவேண்டும் போலிருந்தது, கடை திறந்திருக்கும் என்று நினைப்பு ஓடியது, பிறகு அதுவும் அடங்கியது. மூன்றாவது பட்டன் போடும்போது மாமனாரின் கீழுதடு உள்ளே மடிந்து பல்லுக்குள் போவதைக் கவனித்தார். கியர் மாற்றும்போதும் இப்படித்தான் செய்திருப்பாரோ என்னவோ. இத்தனை நாள் அந்த முகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றும் இதைப் பார்த்ததில்லை.

நாலாவது பட்டன் வழுக்கியது. திரும்பவும் வழுக்கியது. மூன்றாம் முறை பாதிவரை போய், விரல் நடுங்கி, நழுவியது. மாமனார் மூச்சை இழுத்துவிட்டார். மூணுவரியின் வலது கை அவரைக் கேட்காமலே பின்னாலிருந்து கழன்று முன்னால் வந்து, பட்டனுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். மெதுவாக இறக்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

"நாலாவதா, அத்தான்?" மேசையிலிருந்து மச்சினியின் குரல் வந்தது.

"ஆமா."

"எனக்கும் நாலாவதுதான். அன்னிக்கிக் கேமராவப் போட்டுட்டு ஓடிப்போய்ப் போட்டு விட்டுடலாம்னு இருந்துச்சு." அவளும் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வைத்திருந்த அடையாளத்தை எடுத்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். "வெட்டல. எந்திரிச்சுப் போறவங்க போகட்டும்."

மாமனாருக்கு இவர்கள் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. நாலாவதை ஒருவழியாக உள்ளே தள்ளி, கடைசிப் பட்டனையும் போட்டு, சட்டையை நீவிவிட்டு நிமிர்ந்தார். எதிரில் மருமகன் சும்மா நிற்பதைப் பார்த்ததும் அவருக்குக் குழப்பமாகிவிட்டது.

"இன்னிக்கி..." என்று ஆரம்பித்தார். அடுத்த வார்த்தைக்கு நேரம் பிடித்தது. மூணுவரி அது என்னவாக இருக்கும் என்று எடுத்துக்கொடுக்கவில்லை, காத்திருந்தார்.

"இன்னிக்கி... லீவா, மாப்ள?"

"இல்ல மாமா, போகணும்" என்றார் மூணுவரி. செருப்பை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்துவிட்டு, மறுபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.