நாடாவுக்கு மேலே நின்ற மருந்து

தோட்டா செய்யும் பிரஸ்ஸின் வெடிமருந்துக் குடுவையில் பச்சை நாடா ஒட்டுவது என் வழக்கம். முந்நூறு தோட்டா முடிந்தால் மருந்து நாடா வரை இறங்கியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் பார்த்தேன், ஒரு கோதுமை மணியளவு மேலே நின்றது. நாடா ஒட்டியதில் தப்பில்லை. முப்பது வருஷமாக ஒட்டுகிறேன், எனக்குத் தெரியாதா?

அப்படியானால் மூன்று பெட்டிகளில் எங்கேயோ சில தோட்டாக்கள் மருந்தில்லாமல் இருக்கின்றன. அப்படி ஒன்றைச் சுட்டால் குண்டு குழலின் பாதியில் சிக்கும். கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே சிதறும். மறுநாள் சுடும் போட்டியில் துப்பாக்கியைப் பிடிக்கப்போகிற கை என் மகள் கெண்ட்ராவுடையது.

போன மாதம் அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போனேன். இன்னொரு தப்பு நடந்தால் பிரஸ்ஸைக் கழற்றிவிடுவேன் என்று அப்போதே சொல்லிவிட்டாள். மனைவி போன பிறகு எனக்கென்று இருக்கிற ஒரே வேலை அது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். வெட்கக்கேடு.

இரண்டு மணிக்குத் தோட்டா வாங்க வந்தாள். சொன்னேன்.

"எடை போட்டுப் பாத்தா தெரியாதாப்பா?"

"பித்தளைக் கூடே ஒண்ணுக்கொண்ணு எடை மாறும். அதுல இத்துனூண்டு மருந்து எங்கம்மா தெரியும்? எல்லாத்தையும் உடைக்கணும்."

"முந்நூறையுமா? நாளைக்கு நான் சுடறதா, தூங்கறதா?"

"கடையில வாங்கிச் சுடு. இது வேண்டாம்."

திட்டுவாள் என்று பார்த்தேன். ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தோட்டா பிரிக்கிற சுத்தியலை எடுத்தாள். அதன் உள்ளீடற்ற தலைக்குள் தோட்டாவைச் செருகி மரக்கட்டையில் நாலு தட்டு தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று விழும். அவள் தட்டினாள், நான் கொட்டிப் பார்த்தேன். முதல் பெட்டி முடிந்தது. எல்லாவற்றிலும் மருந்து இருந்தது.

"நாடாவைக் கோணலா ஒட்டிட்டு என் உயிரை வாங்கற, கிழவா."

"தட்டு, தட்டு. வாய் வலிக்காது, கை வலிக்கட்டும்."

பசித்தது. ஃபிரிட்ஜில் ஹக்கிள்பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை பாதி இருந்தது, ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தேன். அவள் பை இருந்த தட்டையே பார்த்தாள்.

இரண்டாவது பெட்டியின் நடுவில் ஒரு கூட்டைக் கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை. அடுத்ததிலும் இல்லை. வரிசையாக நாலு.

"கண்டுபிடிச்சிட்டியே!" என்று என் தோளில் அடித்தாள். "இதுக்குத்தான் நாடா. நீ தேறிட்டப்பா."

நானும் சிரித்தேன். பிரஸ் தப்பித்தது என்றுதான் தோன்றியது.

"பாதியில எழுந்து போயிருப்ப. திரும்பி வந்து கூடு நிக்கற சுழல் தட்டைக் கையால சுத்திவிட்டிருப்ப, மருந்து விழற இடத்தை நாலும் தாண்டிப் போயிருக்கும்" என்றாள். "ஃபோனா?"

"ஃபோனை இங்க கொண்டு வரவே மாட்டேனே. கைப்பிடியில கை வெச்சா முடியற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன். இதைச் செஞ்ச செவ்வாக்கிழமை யாரும் வரவும் இல்ல."

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"இந்தப் பை யாரு குடுத்தாப்பா?"

"பக்கத்து வீட்டு பெர்னீஸ். நான் இல்லாதப்ப வெச்சிட்டுப் போயிருக்கா."

"நான் கொண்டு வந்தேன்" என்றாள் மெதுவாக. "செவ்வாக்கிழமை. நீ பிரஸ்ல இருந்த. எழுந்து வந்து ரெண்டு துண்டு சாப்பிட்ட. அம்மா கல்லறைக் கல்லுல என்ன எழுதறதுன்னு அரை மணி நேரம் பேசினோம். நீ அழுதியேப்பா."

யோசித்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை கைப்பிடி ஞாபகம் இருந்தது, வானொலியில் கோதுமை விலை சொன்னது ஞாபகம் இருந்தது. அவள் வந்தது மட்டும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மீதித் தோட்டாக்களையும் உடைத்தோம். பிறகு இழுப்பறையிலிருந்து ஸ்பானரை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"பிரஸ்ஸை மேசையோட பிடிச்சிருக்கறது நாலு போல்ட்டு. இடப்பக்கம் அடியில இருக்கறது துருப்பிடிச்சது, கொஞ்சம் மல்லுக்கட்டும்."

அவள் வாங்கவில்லை. நானே குனிந்து கழற்ற ஆரம்பித்தேன். பிரஸ் சாயாமல் அவள் பிடித்துக்கொண்டாள்.