கை காணாமல் போன வாரம்

எங்கள் மீட்டிங் மென்பொருளில் ஒரு மஞ்சள் கை இருந்தது. பேச வேண்டுமென்றால் அதை அழுத்துவோம். பெயருக்குப் பக்கத்தில் குட்டிக் கை முளைக்கும், வரிசைப்படி கூப்பிடுவார்கள். 2008இல் ஒரு செவ்வாய்க்கிழமை புது வெர்ஷன் வந்தது. நிறம் மாறியிருந்தது, முகங்கள் பளபளத்தன, கையைக் காணோம். எல்லோரும் சேர்ந்து கிறுக்குகிற வெள்ளைப் பலகையும் டைப் அடிக்கிற பெட்டியும் கூடவே போய்விட்டன. இதற்குப் பெயர் முன்னேற்றமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிறுசேரியில் நாங்கள் எட்டுப் பேர், அமெரிக்காவில் ஆறு பேர். அங்கே ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு மருந்துச் சீட்டு அச்சடிக்கும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். அந்த வார வெள்ளிக்கிழமையே அது ஓடத் தொடங்க வேண்டும். திங்களன்றுதான் நான் ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். டாக்டர் அரை மாத்திரை என்று போட்டுவிட்டு, பிறகு குழந்தையின் எடையைத் திருத்தினால், சீட்டில் ஒரு மாத்திரை என்று அச்சானது.

நிறுத்துகிற அதிகாரம் அமெரிக்காவிலிருந்த மேனேஜர் கேரலுக்கு மட்டும். மெயில் போட்டேன், பதில் இல்லை. எங்கள் லீடர் நிதினிடம் போனேன்.

"மெயில் போட்டாச்சுல்ல சுஜாதா? மீட்டிங்ல நீயே சொல்லிடு," என்றான். கெட்ட செய்தியை அடுத்தவர் வாயால் சொல்லவைப்பதில் ஆள் கெட்டிக்காரன்.

புதன்கிழமை கையில்லாத மீட்டிங்கில் ஆளாளுக்குக் கத்தினார்கள். என் குரல் சன்னம். "எக்ஸ்கியூஸ் மீ" என்று ஆறு தடவை சொன்னேன். ஏழாவது தடவைக்குள் கேரல் நன்றி சொல்லி முடித்துவிட்டார். கம்பெனி பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அந்த மாத்திரையை விழுங்கப்போகிற ஏதோ ஒரு குழந்தை கண் முன்னாலேயே நின்றது.

வியாழன் காலை செங்கல்பட்டு வீட்டில், ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையைப் பார்த்தேன். அப்பா செங்கல்வராயன் மாமல்லபுரம் பஸ்ஸில் கண்டக்டர். அன்று அவருக்கு ஓய்வு, தூங்கிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் விசில் இருந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மாலை மீட்டிங் மறுபடி சந்தைக்கடையானது. "அப்படியென்றால் நாளைக்கு..." என்று கேரல் ஆரம்பித்தார். நான் மைக்குக்குப் பக்கத்தில் வைத்து, மூச்சைப் பிடித்து, ஒரே ஒரு விசில் அடித்தேன்.

எங்கள் ஆட்கள் ஏழு பேரும் கப்சிப். எல்லாம் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பஸ்ஸில் தொங்கிய உடம்பு. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். நிதின் பாதி வார்த்தையில் வாயை மூடினான். இந்தியா திடீரென்று அடங்கியதைப் பார்த்துப் பயந்து அமெரிக்காவும் அடங்கியது.

விஷயத்தைச் சொன்னேன். என் திரையில் எடையைத் திருத்திக் காட்டினேன். கேரல் மூன்று முறை செய்யச் சொன்னார். மூன்று முறையும் ஒரு மாத்திரை.

"நாளைக்கு வேண்டாம், நிறுத்துங்கள்," என்றார். "இதை ஏன் முன்னாலேயே யாரும் சொல்லவில்லை?"

நான் நிதினைப் பார்த்தேன். அவன் கீபோர்டைப் பார்த்தான்.

அதற்குப் பிறகும் யாரும் பேசவில்லை. பக்கத்து சீட் ரோகிணி என் காதருகே குனிந்தாள்.

"ரெண்டு அடி சுஜா. அப்பதான வண்டி கெளம்பும்?"

அடித்தேன். பழையபடி எல்லோரும் கத்த ஆரம்பித்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா போன் செய்தார்.

"இன்னாம்மா, விசில காணோம். நீ எட்த்துகினு பூட்டியா?"

"ஆமாப்பா. மீட்டிங்ல அடிச்சேன்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஒண்ணா, ரெண்டா?"

"மொதல்ல ஒண்ணு."

"ஐயையோ!" அப்பாவின் குரல் நிஜமாகவே பதறியது. "நடுவுல நிறுத்துனியா? யாருனா வுழுந்துட்டாங்களா?"

"இல்லப்பா," என்றேன். "வுழறதுக்குள்ள நிறுத்திட்டேன்."